மலையைப் பதிவு செய்த பென்சில்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா? திரிசூலம் நெருங்கும்போது தெரியும் குன்றுகளைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். வீட்டிற்குச் சென்றபின் அவற்றின் உச்சிக் கோட்டை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். முடியாது! கண்ட காட்சி வேறு, மனத்தில் நிற்பது வேறு.

இதை நன்கு உணர்ந்தவர் எட்வர்டு லியர் (1812–1888) என்னும் ஆங்கிலேயர். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் புகழ் பெற்றவர். ஆனால் அவரது தொழில் இயற்கைக் காட்சிகளை வரைவது. வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 61. 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்காச் சிகரத்தை வரைந்தார். அதே ஆண்டில் சென்னைக்கு வந்து, மாமல்லபுரத்தைக் கண்டு, பின்னர் நீலகிரிக்கும் சென்றார். சுமார் 14 மாதப் பயணத்தில் அவர் தீட்டிய படங்கள் ஏறத்தாழ 2,000!

அவரது முறையைக் கவனியுங்கள். காட்சியின் எதிரில் அமர்ந்து பென்சிலால் விரைவாக வரைவார். தாளின் ஓரத்தில் ஊர், தேதி, பல வேளைகளில் மணியையும் குறிப்பார். எந்த இடத்தில் என்ன நிறம் என்பதைப் படத்தின் மீதே சொற்களால் எழுதிவைப்பார். பிறகு ஓய்வாக இருக்கும்போது அந்தக் கோடுகளின் மேல் மையால் எழுதி, மெல்லிய வண்ணம் பூசுவார். கஞ்சன்ஜங்காவின் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் சில ஆண்டுகளுக்குப் பின் உருவானது இக்குறிப்புகளின் துணையால்தான்.

மணியை ஏன் எழுத வேண்டும்? மலை நகராது, ஒளி மாறிக்கொண்டே இருக்கும். நமக்கும் தொலைவிலுள்ள மலைக்கும் இடையே உள்ள காற்று, நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கிறது. எனவே தூரத்து மலை நீலமாகத் தோன்றுகிறது. காலையிலும் மாலையிலும் கதிரவன் ஒளி நீண்ட தொலைவு காற்றைக் கடந்து வருவதால் நீலம் குறைந்து, பனிச் சிகரம் செந்நிறம் பெறுகிறது. இச்சிதறலுக்கு ராலே பிரபு 1871இல் விளக்கம் தந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் லியர் அதன் விளைவுகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

அளவீடுகளைத் துண்டுத்தாளில் கிறுக்கி, தேதியின்றித் தொலைத்துவிடும் மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுக்கு லியரின் தாள்களைத்தான் காட்ட விரும்புகிறேன். இடமும் நேரமும் குறித்த கோடு வெறும் படமன்று. அது ஒரு சான்று.

இச்சான்று நமக்கும் தேவை. பல்லாவரம், பம்மல், திரிசூலம் பகுதிகளில் பல ஆண்டுகள் கல் உடைத்ததால் குன்றுகளின் உருவமே மாறிவிட்டது. உடைந்த குன்று மீண்டும் வளராது. எஞ்சியிருப்பதையேனும் பதிவு செய்வோமே! வரும் ஞாயிறன்று ஒரு பென்சிலுடன் புறப்படுங்கள். நன்றாக வரையத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இடம், தேதி, மணி ஆகியவற்றை மறவாமல் எழுதுங்கள்.