தேனும் கணக்கும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் தேனையும் புளியையும் காணும்போதெல்லாம் எனக்கு ஜே. சி. குமரப்பாவின் நினைவு வரும். தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் கணக்காய்வு படித்த அவர், காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளரானார். லாபம் நோக்காத அச்சங்கம் கைக்குத்தல் அரிசி, தேன், பனைவெல்லம் ஆகியவற்றைப் பரப்பியது. மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கையும் செய்து தந்தது. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறையும் செல்வம். காடும் பயிரும் காத்தால் ஆண்டுதோறும் ஊறும் செல்வம் என்று ஜபல்பூர் சிறையில் எழுதிய நூலில் அவர் பிரித்துக் காட்டினார்.

பசுமைப் பொருள் என்று விளம்பரம் செய்யும் இன்றைய தொண்டு நிறுவனங்களுக்கும் இதுவே உரைகல். எத்தனை புட்டி விற்றது என்பது கடைக்கணக்கு. தேனெடுத்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா, அடுத்த ஆண்டுக்குக் கூடு மிஞ்சியதா என்பதே சங்கத்தின் கணக்கு. முன்னது நிறைந்து பின்னது வற்றினால், காடு புட்டியில் ஒட்டிய பச்சைத் தாளில்தான் இருக்கும்.