காணாதது எல்லாம் பொய்யாகிவிடுமா? கருவறையின் முதல் நாள்கள் கற்பிக்கும் பாடம்



ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் ஆடு வளர்ப்போருக்கு நன்கு தெரிந்த செய்தி இது: ஆடு சினைப்பட்டதை முதல் வாரங்களில் கண்ணாலோ கையாலோ அறிய இயலாது. மூன்று வாரங்களுக்குப் பின்னும் அது பருவத்துக்கு வராவிட்டால்தான் நம்பிக்கை பிறக்கும். மறைவான அந்நாள்களைக் காண மனிதன் முயன்ற வரலாறு நெடியது.

இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் வேட்டைக் காடுகளில் கிடைத்த பெண்மான்களின் கருப்பைகளை அறுத்து ஆராய்ந்தார். இணைசேர்ந்து வாரங்கள் பல கடந்தும் எதுவும் தென்படவில்லை. எனவே அங்கு ஒன்றுமில்லை என 1651இல் வெளியான தம் நூலில் முடிவுரைத்தார். ஆனால் கரு அங்கேதான் இருந்தது. மான், ஆடு போன்றவற்றின் கரு தொடக்கத்தில் மெல்லிய நூலைப்போல் நீண்டு கிடக்கும். அது அவர் பார்வைக்குத் தப்பியது. 1672இல் டி கிராஃப் முயலின் தொடக்கக் கருக்களைக் கண்டார். 1827இல் வான் பேயர் நாயின் சினைமுட்டையையே கண்டறிந்தார்.

இன்று நாம் அறிவது இதுதான்: கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்தவாறே கருக்குழாய் வழியே நகர்கிறது, பின்னர்க் கருப்பையை அடைந்து உள்ளீடற்ற பந்துபோலாகிறது. மனிதரில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கருப்பைச் சுவரில் பதியத் தொடங்குகிறது. கரு படிநிலைகளாக வளர்வதை அல்முஃமினூன் அத்தியாயத்தில் ஓதும் நமக்கு இவ்வறிவு வியப்பையும் பணிவையும் தர வேண்டும்.

காணாததை இல்லையென்ற ஹார்வியின் பிழை எவரையும் வதைக்கவில்லை. நம் நாட்டில் நிகழ்ந்த பிழையோ ஓர் உயிரையே பறித்தது. கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவை உறையவைத்துப் பாதுகாத்து, பின்னர்த் தாயின் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஆயினும் மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் கூற்றைப் பொய்யென ஒதுக்கியது. தம் ஆய்வை விளக்க ஜப்பான் செல்லவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அம்முடிவை மார்க்கம் ஏற்பதில்லை. ஆனால் அவரை அந்நிலைக்குத் தள்ளியோரின் பொறுப்பும் சிறிதன்று. 1986இல் மும்பையில் பிறந்த குழந்தைக்கு வழிவகுத்து, இத்துறையின் முன்னோடி எனப் போற்றப்பட்டவர் விஞ்ஞானி ஆனந்த் குமார். அவரே சுபாஷின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை அவருக்கே உரியது என 1997இல் எழுதினார். தமக்குரிய புகழைத் தாமே பிறருக்கு வழங்கிய நேர்மை அது!

செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. வீட்டிலும் மஹல்லாவிலும் ஒருவரைப் பொய்யர் என்று கூறுமுன், அவர் சொல்வதைப் பரிசீலித்தோமா என நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அறியாததை அறியேன் என ஒப்புக்கொள்ளும் பண்பை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.