வேலையோடு போன வீடு

மலாயாத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீடு எவருடையது? நெடுங்காலம் இவ்வினாவை நாம் எழுப்பவேயில்லை. வாடகையில்லை, தலைக்குமேல் கூரையுண்டு. இலவசமாய் வந்ததற்கு உரிமை கேட்பானேன் என்று வாளாவிருந்தோம். அவ்வீடோ தொழிலாளிக்குத் தந்ததன்று. அவன் செய்யும் வேலைக்குத் தந்தது. செக்ரோலில் பெயர் அடிபட்டால் அவனது அடுப்பும் அணைய வேண்டியதுதான். (அப்பேனா பிடிக்கும் கிராணிமாரில் யானும் ஒருவன்; கூச்சத்துடனேயே இதனை எழுதுகிறேன்.)

1950-களில் இவ்வுண்மை வெளிச்சமாயிற்று. சுதந்திரம் நெருங்கவே, வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்றன. வாங்கினோர் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டு மறுபடி விற்றனர். சிறு துண்டு வாங்கியவனுக்கு லயமும் வேண்டா. அதிலிருந்த கிழவனும் வேண்டா. வேலையும் கூரையும் ஒருங்கே போயின. பட்டணத்தோரப் புறம்போக்குகளில் தகரக் குடிசைகள் பெருகின.

இத்துண்டாடலைத் தடுக்கவே 1960-இல் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாய்க் கட்டலாம். அப்பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால்மரம் வெட்டியவனே பங்குதாரனுமானான்! எனினும், எத்தனை தோட்டங்களை இவ்வாறு மீட்க முடியும்?

1966-இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. முதலாளி தரும் வீடு எவ்வாறிருக்க வேண்டுமென்று அது விதித்தது. வேலையிலிருந்து ஓய்ந்த கிழவன் மறுநாள் எங்கே படுப்பான் என்பதற்கு அதில் விதியில்லை.