கறுப்புப் பட்டையை ஏன் சகிக்க முடியவில்லை?

1991இல் நடந்த அத்தையின் கல்யாண வீடியோவை அகலத்திரை டிவியில் போட்டோம். ‘ஏன்டா, நான் இவ்ளோ குண்டாவா இருந்தேன்?’ என்றார். இல்லை. 4:3 பிம்பத்தைத் திரை முழுக்க இழுத்துவிட்டிருந்தது டிவி. எல்லா உடம்பும் மூன்றில் ஒரு பங்கு அகன்றிருந்தது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சட்டகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு வரலாறு உண்டு, அதில் காசும் உண்டு.

1890களின் தொடக்கத்தில் எடிசனின் கூடத்தில் டிக்சன் 35 மி.மீ. படச்சுருளில் பிம்பத்துக்கு நான்கு துளை என்று வைத்தார். 4:3 அங்கே பிறந்தது. தொலைக்காட்சி அதைச் சினிமாவிடமிருந்து வாங்கிக்கொண்டது. அமெரிக்க வீடுகளில் டிவி நுழைந்து கொட்டகைகள் காலியானபோது, டிவியால் முடியாததைக் காட்ட ஹாலிவுட் அகலத்துக்குத் தாவியது: 1953, ‘தி ரோப்’, சினிமாஸ்கோப். தமிழுக்கு அது ‘ராஜராஜ சோழன்’ வழியாக 1973இல் வந்தது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் இந்த அகலங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்து கண்ட சமரசம்தான் 16:9.

இந்தச் சமரசத்துக்குள் பழைய பிம்பம் நுழையும்போது ஒரு கால் பங்கு இடிக்கிறது. இரு பக்கமும் கறுப்பு விட்டால் திரை கால் பங்கை இழக்கும். மேலும் கீழும் வெட்டினால் பிம்பம் கால் பங்கை இழக்கும். இழுத்தால் உடம்புகள் அந்தச் சுமையை ஏற்கும். இழப்பு நிச்சயம், யார் தலையில் என்பதே கேள்வி. சந்தை எப்போதும் திரையின் பக்கம். காசு கொடுத்து வாங்கிய திரை சும்மா கிடக்கலாமா?

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் பழைய பகுதிகளை வெட்டி நிரப்பிக் காட்டியது. 1993இல் வந்த ஒரு பகுதியில் மது ஆலைக் காட்சி: மூன்று பெயரில் மூன்று தொட்டி, மூன்றுக்கும் மேலே ஒரே குழாய். வெட்டியதில் அந்தக் குழாய் காணாமல் போயிற்று. தொட்டிகள் மிஞ்சின, கேலி போயிற்று. பார்வையாளர்கள் சண்டை போட்ட பிறகு, 2020 மே மாதம் 4:3 திரும்பியது. இது கேலிச்சித்திரம். இரண்டாம் உலகப்போர் பற்றிய, 1973இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘தி வேர்ல்ட் அட் வார்’ என்ற 26 பகுதி ஆவணத்தொடருக்கும் 2010 ‘புதுப்பித்தலில்’ இதே கதிதான். போர்க்களத்தில் நின்று எடுத்தவனின் சட்டகத்தை, நாற்காலியில் அமர்ந்து திருத்தினார்கள்.

நம்மிடமும் கேசட்டுகள் கிடக்கின்றன: ஊர்வலம், தெருநாடகம், உண்ணாவிரதம். கணினிக்கு மாற்றும் தோழர்கள் 4:3ஐ அப்படியே வைக்கட்டும். மேல் விளிம்பில்தான் பதாகை இருக்கும். கீழ் விளிம்பில் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். முழுத்திரைக்காக முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டும்தான். பக்கத்தில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அது வேறொரு காலத்திலிருந்து வந்த பிம்பம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.