சிவப்புக் கொடியைச் சுற்றிப் போகும் பாதை: வேல்ஸின் பில்த் வெல்ஸ் நடைபாதைகள்

நடப்பதற்காக மட்டும் நடப்பது எனக்குப் பழக்கமில்லாத விடயம். எங்கள் வீட்டில் யாராவது "நடந்தோம்" என்று சொன்னால் கூடவே ஒரு வருடமும் வரும். 90இல் மயிலிட்டியிலிருந்து நடந்தோம். 95இல் தென்மராட்சிக்கு நடந்தோம். 2009இல் எப்படி நடந்தோம் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, லண்டனில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அவரது மகன் "அக்கா, ஒருக்கா வேல்ஸுக்கு ஹைக்கிங் போவமா?" என்று கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. காசு செலவழித்து, சப்பாத்து வாங்கி, மழைக்குள் நடப்பதா? ஆனால் போய்வந்த பிறகு, அந்தப் பாதைகளைப் பற்றி எங்களுடைய ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

சந்தை நகரம்

பில்த் வெல்ஸ், நடு வேல்ஸின் பொவிஸ் மாவட்டத்தில் வை நதிக்கரையில் உள்ள சிறிய நகரம். ஒரு பிரதான வீதி, கால்நடைச் சந்தை, பழைய கல்பாலம், மண்மேடாக மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு கோட்டை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லனெல்வெத்தில் ஒவ்வொரு ஜூலை மாதமும் ரோயல் வெல்ஷ் விவசாயக் கண்காட்சி நான்கு நாட்கள் நடக்கும். 1963 முதல் அதற்கு அதுவே நிரந்தர இடம். மற்ற நாட்களில் ஊரில் மனிதர்களைவிடச் செம்மறிகளே அதிகம் கண்ணில் படும்.

நகரின் ஊடாக வை பள்ளத்தாக்கு நடைபாதை செல்கிறது. தெற்கே செப்ஸ்டோவில் தொடங்கி, நதி பிறக்கும் பும்லுமோன் மலைப்பக்கம் வரை சுமார் 219 கிலோமீற்றர். துள்ளும் சமன் மீன் அதன் அடையாளம். முழுவதையும் நடக்கத் தேவையில்லை. நகரின் ஆற்றங்கரைப் பூங்காவான குரோவிலிருந்து ஒரு மணித்தியாலம் போய்த் திரும்பினாலே அந்த நதி எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும்.

கடப்பும் படலையும்

முதலாவது நாள் என்னைத் தடுமாற வைத்தது மலையேற்றமல்ல. பாதை ஒரு விவசாயியின் புல்வெளிக்குள் நேராக நுழைந்தது. நான் வேலியடியில் நின்றுவிட்டேன். "ஆரும் ஏச மாட்டினமோ?" என்று தம்பியிடம் கேட்டேன். வேலியில் ஏறிக் கடக்கப் படி வைத்திருந்தார்கள், எங்கள் ஊர் வேலிகளில் இருந்த கடப்பைப் போல. அருகே கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி. அது போதும், போகலாம் என்றான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவழி என்பது சட்ட உரிமை. நிலம் தனியாருடையதாக இருக்கலாம். அதற்கூடாகச் செல்லும் வழி பொதுமக்களுடையது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பிரதேச நிர்வாகமும் இவ்வழிகளை வரைபடத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றது. ஒரு வழி அதில் பதிவாகிவிட்டால், காணிக்காரர் நினைத்தபடி அதை அடைக்க முடியாது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமானது. நீல அம்பு குதிரைக்காரரும் சைக்கிள்காரரும் போகக்கூடிய பாதை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, தரவை, பொதுமேய்ச்சல் நிலம் என வரைபடத்தில் குறித்த திறந்த வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைச் சேர்த்தது.

பதிலுக்கு நடப்பவர்களுக்கும் கடமை உண்டு. திறந்திருந்த படலையைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போக வேண்டும். நாயைச் செம்மறிகளுக்குள் அவிழ்த்துவிடக் கூடாது. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியபோது நாடு முழுவதும் நடைபாதைகள் மூடப்பட்டன. உரிமை இருக்கிறது என்பதற்காக அதைக் கண்மூடிப் பயன்படுத்துவதில்லை.

கில்மெரிக் கல்

நகரிலிருந்து மேற்கே சுமார் நான்கு கிலோமீற்றரில் கில்மெரி என்ற கிராமம். வேல்ஸின் கடைசிச் சுதேச இளவரசரான லூவெலின் அப் கிரிஃபித் 1282 டிசம்பர் 11ஆம் திகதி இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் படைகளால் இந்தப் பகுதியில் கொல்லப்பட்டார். 1956இல் நிறுத்தப்பட்ட உயரமான கருங்கல் ஒன்று அதை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் மக்கள் இங்கே கூடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை, பெயர் விபரம் கேட்டுப் பதிவதுமில்லை. நாங்கள் போனபோது கல்லடியில் வாடிய பூக்கள் கிடந்தன. தம்பி படமெடுத்தான். நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

எப்பிண்ட்

நகரத்துக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் மேட்டுநிலம் எப்பிண்ட். பெயருக்குக் "குதிரைத் தடம்" என்று பொருள் சொல்கிறார்கள். 1940 வசந்தகாலத்தில் பிரித்தானிய யுத்த அமைச்சு, இராணுவப் பயிற்சிக்கென இம்மலையிலிருந்த 54 வீடுகளைக் காலிசெய்வித்தது. வெளியேறியவர்கள் 219 பேர். வெல்ஷ் மொழி பேசிய விவசாயக் குடும்பங்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று பலரும் நம்பினார்கள்.

பின்னர் வெல்ஷ் நாட்டார் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான யோர்வெர்த் பீட், வெளியேற்றத்தைப் பதிவுசெய்ய அப்போது அங்கே போயிருந்தார். ஒரு மூதாட்டி கதிரையை முற்றத்தில் போட்டு, அழுதபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டிஃபிலிருந்து வருகிறேன் என்றதும், இங்கே உலகம் முடிகிறது, கெதியாகத் திரும்பிப் போ என்ற கருத்தில் அவர் சொன்னதாகப் பீட் எழுதியிருக்கிறார். இன்னொரு விவசாயி, வீடு ஈரலித்துப் பழுதாகிவிடக் கூடாது என்று அடிக்கடி திரும்பிவந்து அடுப்பை மூட்டிவிட்டுப் போவார். ஒருநாள் வந்தபோது வீட்டைத் தகர்த்திருந்தார்கள். இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

யுத்தம் 1945இல் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. சுமார் 30,000 ஏக்கர் இன்றும் சென்னிபிரிட்ஜ் பயிற்சிப் பிரதேசம். பபெல் என்ற தேவாலயம் இல்லை. அதன் மயானம் இருக்கிறது.

இந்தப் பிரதேசத்தின் விளிம்பைச் சுற்றிப் போவதுதான் எப்பிண்ட் வழி. சுமார் 80 கிலோமீற்றர். நடக்கலாம், சைக்கிளிலோ குதிரையிலோ போகலாம். இது பொதுவழி உரிமையல்ல, பாதுகாப்பு அமைச்சு தரும் அனுமதி. உள்ளே சிவப்புக் கொடி பறந்தால் சூட்டுப் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம். கிடக்கும் எதையும் தொடாதீர்கள், வெடிக்கக்கூடும் என்று பலகைகள் சொல்கின்றன. அந்த எச்சரிக்கையை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை. பாதையின் நடுவிலேயே நடந்தேன்.

எங்களுடையதும் அவர்களுடையதும் ஒன்றல்ல. அவர்கள் மீது குண்டு விழவில்லை. நட்டஈடு என்று ஒன்று கொடுக்கப்பட்டது. எத்தனை வீடு, எத்தனை பேர் என்ற கணக்கில் இன்று யாருக்கும் தகராறில்லை. ஆனால் "தற்காலிகமாக" எடுக்கப்பட்ட காணி என்ற சொல்லை நான் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். நிலத்தைக் கொடுக்காமல் அதன் விளிம்பில் நடக்க விடுவது மீளளிப்பு ஆகாது.

போக விரும்புவோருக்கு

ஷ்ரூஸ்பரியிலிருந்தோ சுவான்சியிலிருந்தோ 'ஹார்ட் ஒஃப் வேல்ஸ்' ரயிலில் வரலாம். நாளொன்றுக்குச் சில ரயில்கள்தான், நேரம் பார்த்துப் புறப்படுங்கள். பில்த் ரோட் நிலையம் நகரிலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றர். கில்மெரியிலும் ரயில் நிற்கும். ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். மலைக்குள் தொலைபேசிச் சமிக்ஞையை நம்ப வேண்டாம். மழையங்கி கோடையிலும் தேவை. முதல்தடவை போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஆற்றங்கரைப் பாதை நல்லது. எப்பிண்ட் பக்கம் போவதென்றால் சூட்டுப் பயிற்சி நேரங்களை முன்கூட்டியே பாருங்கள்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் அடுப்பு மூட்டிய மனிதரின் கதையைச் சொன்னேன். எங்கள் காணி விடுபட்டபோது அங்கே வீடு இருக்கவில்லை. கிணற்றை வைத்துத்தான் அம்மா இடத்தை அடையாளம் கண்டார். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தாளின்ர பிள்ளையள் இப்ப அங்க போய்ப் பாக்கலாமோ?"

"அனுமதி எடுத்தால் போகலாமாம் அம்மா."

"அப்ப இன்னும் விடேல்ல" என்றார்.