திருவூடல் ஊரில் ‘அவள் அப்படித்தான்’

1978ஆம் வருஷம் சினிமா பார்க்கிறவர்களுக்கு நல்ல தீனி. ஜூன் மாதம் ஸ்ரீதரின் ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ வந்தது. ஆகஸ்ட் 15 அன்று மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’. தீபாவளிக்குப் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. அதே தீபாவளியில், அக்டோபர் 30 அன்று, அதிக விளம்பரமில்லாமல் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் வெளியானது. அதுதான் ‘அவள் அப்படித்தான்’.

இயக்குநர் ருத்ரய்யா. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர், அதுதான் அவருக்கு முதல் படம். எழுத்தில் அனந்து, சோமசுந்தரேஸ்வரர், வண்ணநிலவன் ஆகியோர் பங்கு கொண்டார்கள். நல்லுசாமியும் ஞானசேகரனும் ஒளிப்பதிவு. கையில் இருந்த கொஞ்சப் பணத்தில் எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரியும். பெரிய செட் கிடையாது, சண்டை கிடையாது, தனியாக ஓடும் காமெடி கிடையாது. மூன்று பேர் உட்கார்ந்தும் நடந்தும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அருண் பெண்களைப் பற்றி டாக்குமெண்டரி எடுக்க வந்தவன். அவன் நண்பன் தியாகு விளம்பரக் கம்பெனி நடத்துகிறவன். அங்கே வேலை பார்க்கிறவள் மஞ்சு. சின்ன வயதில் வீட்டில் கண்டதும், பிறகு நம்பியவர்கள் கைவிட்டதும் சேர்ந்து, யார் அன்பாகப் பேசினாலும் சந்தேகப்படும் பெண்.

இந்த மூவராக நடித்தவர்கள் கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா. சிக்கலே அங்கேதான். அதே மூவரும் அதே வருஷம் ‘இளமை ஊஞ்சலாடுகிற’தில் கலரில் வந்திருந்தார்கள். இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. போஸ்டரில் மூன்று முகங்களைப் பார்த்தவர்கள் இன்னொரு ‘இளமை ஊஞ்சலாடுகிறது’ என்று நினைத்தே டிக்கெட் வாங்கினார்கள்.

அப்போது நம்ம ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. சென்னையில் ஓடி முடித்த பிறகுதான் இங்கே பெட்டி வரும். நான் பார்த்தது இரவு ஆட்டம். தரை டிக்கெட்டில் தியாகு பெண்களை எடுத்தெறிந்து பேசும் ஒவ்வொரு இடத்திலும் விசில். மஞ்சு வாயைத் திறந்தால் “ஐயோ, ஆரம்பிச்சிட்டாய்யா” என்று ஒரு குரல். இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. பெண்கள் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. படம் முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர், “அந்தப் பொண்ணுக்கு என்னதான்யா வேணும்?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஜனங்களுக்குப் புதுமாதிரிப் படம் பிடிக்காது என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது சரியில்லை. ‘முள்ளும் மலரும்’ படத்திலும் வசனம் குறைவு, வழக்கமான சமாச்சாரம் எதுவும் கிடையாது. அதை இதே ஜனம் ஓட வைத்தது. காளி எவ்வளவு முரடனாக இருந்தாலும் கடைசியில் தங்கை பாசம் அவனை இளக வைத்துவிடுகிறது. கோபம் தீருகிற இடம் ஒன்று இருந்தால் நமக்குப் போதும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தை இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் என்ன நடக்கிறது? பிருங்கி முனிவர் காரணமாக உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாட்சாத் அண்ணாமலையாரே வெளியே தங்கி, கிரிவலம் போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் கோபத்துக்குத் தெருவும் திருவிழாவும் வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் மறுநாள் மறுவூடல் உண்டு, கதவு திறக்கும் என்று தெரிந்துதான் நாம் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மஞ்சுவுக்கு மறுவூடல் கிடையாது. அருண் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். மஞ்சுவை வழியில் இறக்கிவிட்டுக் கார் போய்விடுகிறது. அந்தப் பெரியவரின் கேள்வி அங்கேதான் தொக்கி நின்றது.

படம் போன பிறகும் அதன் பெயர் ஊரில் தங்கிவிட்டது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் ஒருவர் இருந்தார். தனியாக டவுன் பஸ்ஸில் வருவார், போவார். யாராவது அனாவசியமாகப் பேசினால் முகத்துக்கு நேரே பதில் சொல்வார். அவர் தலை மறைந்ததும் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “நானும் பார்த்தேன் சார், அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணினா? அவளைப் பத்திப் பேசினதெல்லாம் ஆம்பளைங்கதானே?” என்றார். அந்தப் படத்துக்கு நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.

சென்னையில் நிலைமை சற்று முன்பே மாறியிருந்தது. வங்க இயக்குநர் மிருணாள் சென் அங்கே படத்தைப் பார்த்துப் பாராட்டியது பத்திரிகையில் வந்த பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். மாநில அரசின் சிறந்த படத்துக்கான இரண்டாம் பரிசும் கிடைத்தது. யேசுதாஸ் பாடிய பாட்டை ரேடியோ உயிரோடு வைத்திருந்தது. பிறகு டி.வி.யிலும் கேசட்டிலும் பார்த்தவர்கள்தான் இதன் உண்மையான ரசிகர்கள். ருத்ரய்யா 1980இல் ‘கிராமத்து அத்தியாயம்’ எடுத்தார். அதோடு சரி. 2014 நவம்பரில் அவர் காலமானபோது பேப்பர்காரர்கள் எல்லோரும் முதலில் எழுதியது ‘அவள் அப்படித்தான்’ பற்றித்தான்.

சமீபத்தில் என் பேத்தி அதை போனில் பார்த்தாள். நாங்கள் விசில் கேட்ட இடங்களில் அவள் முகம் சுளித்தாள். முடித்துவிட்டு, “மஞ்சுவை எனக்குப் புரியுது தாத்தா. இந்த அருண்தான் புரியலை. எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுப் படம் பிடிக்கிறான், வேண்டிய நேரத்துல ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறான்” என்றாள். பெரியவர் கேட்ட அதே கேள்விதான், ஆள் மட்டும் மாறிவிட்டது.

நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நானும் அந்த வரிசையில்தான் இருக்கிறேன். அன்றைக்குப் பெண்கள் பக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது பாட்டிகளாக இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். என்ன நினைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.