ஒரு சென்ட் படமும் மோனேயின் மணலும்

19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் ஊரிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குக் கட்டுக்கட்டாகப் படங்கள் போகத் தொடங்கின. கம்பெனியின் பெயர் பெர்ரி பிக்சர்ஸ். படம் ஒரு சென்ட். குறைந்தது 25 வாங்க வேண்டும். நோட்டுப் புத்தக அளவுத் தாளில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஓவியங்கள் ஒற்றை நிறத்தில் அச்சாகியிருக்கும். ரஃபேலின் மடோனா, வயலில் தலை குனிந்து பிரார்த்திக்கும் மில்லேயின் உழவர் தம்பதி, ரோசா போனரின் குதிரைச் சந்தை போன்றவற்றுக்கு நல்ல கிராக்கி. வரைந்தவர் யார், எந்த நாட்டுக்காரர், படத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், அதிலிருந்து நாம் கற்கவேண்டிய நற்குணம் என்ன என்று பாடம் நடக்கும். பக்தி, உழைப்பு, தாய்ப்பாசம், வாயில்லா ஜீவன்களிடம் கருணை: எதற்கும் ஒரு படம் கைவசம் இருந்தது.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களான மோனேக்கும் ரெனுவாருக்கும் அந்தப் பாடத்தில் வேலை இல்லை. அமெரிக்கா அவர்களை அறியாததல்ல காரணம். பாரிஸ் ஓவிய வியாபாரி பால் துராந்-ருயேல் 1886இல் சுமார் 300 இம்ப்ரெஷனிஸ்ட் படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். சில வருடங்களில் சிகாகோவின் பெர்த்தா பாமர் போன்ற சீமாட்டிகள் மோனேயின் படங்களை வாங்கிக் குவித்தார்கள். பணக்காரர் வீட்டுக் கூடத்தில் தொங்கியவை பள்ளிச் சுவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். படகு சவாரி, நடன விருந்து, ரயில் நிலையத்துப் புகை. இதையெல்லாம் காட்டிக் குழந்தைக்கு என்ன புத்தி சொல்வது?

இதைவிடப் பெரிய தடை அச்சகத்தில் இருந்தது. மில்லேயின் உழவர்களிடமிருந்து வண்ணத்தைப் பறித்தாலும் உருவமும் கதையும் மிஞ்சும். மோனே 1872இல் லே ஆவர் துறைமுகத்தைப் பார்த்து வரைந்த ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ அப்படியல்ல. அதிலுள்ள ஆரஞ்சு நிறச் சூரியனுக்கும் அதைச் சுற்றிய நீலச் சாம்பல் வானத்துக்கும் பிரகாசத்தில் ஏறக்குறைய வித்தியாசமே கிடையாது. நிறம் ஒன்றுதான் சூரியனைப் பிரித்துக் காட்டுகிறது. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சூரியனில்லாத சூரிய உதயத்தை எந்த ஆசிரியை பாடம் நடத்துவார்!

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் சார்லட் மேசன் வேறு வழியில் போனார். 1892இல் அங்கே ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் அவர். ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர், அவருடைய ஆறு படங்கள். பிள்ளைகள் படத்தைப் பேசாமல் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு அதைத் திருப்பி வைத்துவிட்டு, மனதில் நிற்பதைச் சொல்வார்கள். எந்தப் பாணி, என்ன உத்தி என்ற பிரசங்கத்துக்கு அங்கே இடமில்லை. கண் முதலில், தகவல் பிறகு. நியாயமான முறை, ஆனால் பரீட்சை வைக்க முடியாத முறை. பரீட்சைப் பிரியர்கள் அமெரிக்காவில் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள்: 1920களில் அங்கே பல பள்ளிகளில் நடந்த ‘பிக்சர் மெமரி’ போட்டிகள். படத்தைக் காட்டியதும் பிள்ளைகள் தலைப்பையும் ஓவியரின் பெயரையும் எழுத வேண்டும். படம் பிடித்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வண்ண அச்சு மலிவாகி வீட்டுக்கு வீடு நாட்காட்டியில் மோனேயின் அல்லி மலர்கள் தொங்கத் தொடங்கிய பிறகும், குழந்தைகளுக்கென்று தனிக் கதை அமையக் காலம் பிடித்தது. அதற்கு ஒரு தோட்டம் தேவைப்பட்டது. மோனே 1883இல் குடியேறி, 1926இல் இறக்கும்வரை வாழ்ந்த ஜிவெர்னி வீடு, மகன் மிஷேல் 1966இல் இறந்தபோது பாழடைந்து கிடந்தது. பழுதுபார்த்து 1980இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஐந்தே வருடத்தில் சுவீடனிலிருந்து லின்னேயா என்ற சிறுமி அங்கே வந்து இறங்கினாள். கிறிஸ்டினா பியோர்க் எழுதி லேனா ஆண்டர்சன் படம் வரைந்த புத்தகத்தின் நாயகி அவள். பக்கத்துணை, ஓய்வுபெற்ற தோட்டக்காரரான புளூம் தாத்தா. பாரிஸின் மார்மோத்தான் அருங்காட்சியகத்தில் அல்லிப் படத்தின் அருகில் போய் நின்றால் அவளுக்கு வெறும் திட்டுத்திட்டான வண்ணம்தான் தெரிகிறது; பின்னால் நகர்ந்தால் பூ. இம்ப்ரெஷனிசம் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதிய பல பக்கங்கள் இந்த இரண்டு எட்டுகளில் அடங்கிவிடுகின்றன.

பிறகு கதவு திறந்துகொண்டது. 1988 முதல் மைக் வெனீசியா கார்ட்டூன் சிரிப்போடு ஓவியர் வரலாறுகளைத் தந்தார். ஜேம்ஸ் மேஹ்யூவின் கேட்டி என்ற சிறுமி 1997இல் சட்டகத்தைத் தாண்டி மோனே, ரெனுவார், தெகா படங்களுக்குள்ளேயே குதித்தாள். (இந்த வகைப் புத்தகங்களில் வான்கோவையும் இம்ப்ரெஷனிஸ்ட் கூட்டத்தில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, அவர் அடுத்த தலைமுறை.)

இப்போது நற்குணத்தின் இடத்தில் வினோதத் தகவல் வந்து உட்கார்ந்தது. சில தகவல்கள் அசல் தங்கம். லண்டன் நேஷனல் கேலரியிலுள்ள ‘துரூவில் கடற்கரை’ படத்தை மோனே 1870 கோடையில், காற்று வீசும் கரையிலேயே உட்கார்ந்து வரைந்தார். அந்தக் கடற்கரை மணல் இன்றும் அந்தச் சாயத்தில் ஒட்டியிருக்கிறது. இதைக் கேட்ட பிள்ளை உடனே மூக்கு உரச அந்தப் படத்தின் அருகே போகப் பார்க்கும்.

சில தகவல்கள் வழியில் திரிந்துபோயின. கீல்வாதத்தால் முடங்கிய ரெனுவார் தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். கையில் சுற்றியிருந்த துணி தோல் புண்ணாகாமல் இருக்கத்தான். தூரிகையை விரல்களுக்கிடையில் யாராவது செருகித் தருவார்கள். சாஷா கித்ரி 1915இல் எடுத்த மௌனப்படத்தில் கடைக்குட்டி மகன் க்ளோத் அந்த வேலையைச் செய்வதைப் பார்க்கலாம்.

சில தகவல்களைப் பெரியவர்களே மறைத்துவிடுகிறார்கள். 1881இல் தெகா காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி’ மெழுகுச் சிலை, நிஜத் துணிப் பாவாடையும் முடியும் ரிப்பனும் கொண்டது. எக்ஸ்ரே எடுத்தபோது கைகளுக்குள் பழைய தூரிகைக் காம்புகள் தெரிந்தன. குழந்தைப் புத்தகத்துக்கு ஏற்ற செய்திதான். மாதிரியாக நின்ற மாரி வான் கோத்தெம் துணி வெளுப்பவரின் மகள் என்பதும், நடன வகுப்புக்கு ஒழுங்காக வராததால் பாரிஸ் ஓபரா அவளை வேலையை விட்டு நீக்கியதும், சிலையைப் பார்த்த விமர்சகர்கள் அந்தச் சிறுமியின் முகத்தையே அசிங்கம் என்று எழுதியதும் அந்தப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது. முகவாயை நிமிர்த்தி நிற்கும் அந்த நிலை அப்போதுதான் புரியும்.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் மேரி கசாட்டின் ‘நீல நாற்காலியில் சிறுமி’யை பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யவே தேவையில்லை. 1878இல் வரைந்தது. கால்களை அகற்றி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் மடித்து, சலிப்பின் உச்சத்தில் நாற்காலியில் சரிந்து கிடக்கிறாள். எதிர் நாற்காலியில் ஒரு குட்டி நாய் தூங்குகிறது. சொந்தக்காரர் வீட்டில் ‘ஒழுங்காக உட்கார்’ என்று அதட்டு வாங்கிய எந்தப் பிள்ளைக்கும் இவள் தெரிந்தவள். பின்னணியில் தெகாவின் கையும் உண்டு என்று கசாட்டே பின்னாளில் ஒரு கடிதத்தில் சொன்னார். 1878இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவுக்கு அனுப்பியபோது படத்தைத் திருப்பிவிட்டார்கள். தேர்வுக் குழுவில் இருந்தது மூன்றே பேர், அதில் ஒருவர் மருந்துக் கடைக்காரர் என்பதை 25 வருடம் கழித்தும் கசாட் மறக்கவில்லை.